ஆறு போட்டது

எனக்கென்று மாடு கிடையாது.
நகராட்சிச் சம்பளத்துக்குப் பிறர் மாட்டைக் கறக்கிறவள்.
ஒருவருக்கு இடுப்பெலும்பு மாற்ற வேண்டும்,
ஒருவருக்கு மகள் கல்யாணம்,
இன்னொருவருக்கு ஒரு வாரம் தூங்கினால் போதும்.
தொலைபேசி அடிக்கும்.
ரப்பர் பூட்ஸை வண்டிக்குள் எறிந்துவிட்டுக் கிளம்புவேன்.

ஊர் தொடங்கும் பலகைக்கும் முடியும் பலகைக்கும் நடுவே
பதினேழு தபால்பெட்டிகள்.
பதினேழு வீடும் எனக்குப் பின்வாசல் வழியாகத்தான் பழக்கம்.
எந்த மாடு உதைக்கும், எந்த வீட்டுக் காபி கசக்கும்,
எந்த நாய் குரைத்துவிட்டு வெட்கப்படும்,
தெரியும்.
அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

ஏப்ரல் கடைசியில் இர்யாவின் தொழுவத்தில் இருந்தேன்.
அவள் ஆஸ்பத்திரியில், புது இடுப்போடு.
ஆற்றில் பனி இன்னும் கிடந்தது,
ஈய நிறத்தில், ஓரங்கள் கழன்று.
குளிர்காலத்தில் வண்டி போன தடத்தில்
நட்டுவைத்த ஸ்ப்ரூஸ் கிளைகள்
யாரும் போகாத பாதைக்கு இன்னும் வழிகாட்டி நின்றன.

நான் பிறந்த வருஷத்து வெள்ளத்தில்
ஆறு ஒரு வளைவைச் சுற்றச் சோம்பி
குறுக்கே வெட்டிப் போய்விட்டது.
இர்யாவின் ஒன்றரை ஏக்கர் ஒரே இரவில்
வால்ட்டோவின் கரைக்குக் குடிபோனது.
நகரத்திலிருந்து வந்த நில அளவையர்
முக்காலியை நட்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்துச் சொன்னார்:
ஆறு நகரும், எல்லை நகராது.
பத்திரத்தில் அவளுடையது.
போய் நிற்க வேண்டுமென்றால்
பாலம் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர்.
டிராக்டரில், ஒன்றரை ஏக்கர் புல்லுக்கு.
அவள் போகவில்லை.
வால்ட்டோ கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை,
அறுத்தார்.

பனி உடைந்தது செவ்வாய் இரவு.
முதலில் வயிற்றுக்குள் உருளுவதுபோல ஒரு சத்தம்;
இருபத்திமூன்று மாடுகளும் ஒரே நேரத்தில்
அசைபோடுவதை நிறுத்தின.
பிறகு கதவுகளை அடுக்கிச் சாய்த்ததுபோல் ஒன்று.
ஹெலுனா மட்டும் மறுபடி மெல்லத் தொடங்கினாள்.

மறுநாள் காலை வால்ட்டோ, பாலம் சுற்றி வந்திருந்தார்.
தொழுவ வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.
தொப்பியைக் கழற்றி, உள்ளிருந்து
ஒரு சிறு நோட்டும் தடித்த உறையும் எடுத்தார்.
"அவளிடம் கொடு."
"வெள்ளிக்கிழமை வருகிறாள். நீங்களே கொடுக்கலாமே?"
"காபி போடுவாள்," என்றார்,
வழக்குப் போடுவாள் என்பதுபோல.

நோட்டைப் பார்த்தேன். பார்க்கக்கூடாதுதான்.
ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வரி.
முதலில் போர்க்கணக்கு, பிறகு உருளைக்கணக்கு,
வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றியவை தனியாக.
டீசல் கழித்து. அவர் கூலி கழிக்காமல்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்;
இந்த மனிதர்
ஆறு போட்டதை அளந்து வைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை இர்யா
ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படித்தாள்.
பக்கம் பக்கமாக, உதடு அசைய.
அழுவாளோ என்று நான் துணியைத் தேடினேன்.
அவள் பென்சிலைத் தேடினாள்.
"இது தப்பு," என்றாள்.
"இந்த வருஷம் இரண்டாம் அறுப்பே இல்லை.
ஜூலை முழுக்க மழை. புல் நின்றபடியே அழுகியது.
பாத்திரம் கழுவும் ஜன்னலிலிருந்து
பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்?"
நாலு உருளையை அடித்தாள்.
அதற்குண்டான காசை உறையிலிருந்து எண்ணி எடுத்து
என் கையில் வைத்தாள்.
"திருப்பிக் கொடு. அதிகம் வாங்குகிறவள் இல்லை நான்."

பதினாலு கிலோமீட்டர்.
பாலத்தில் வண்டியை நிறுத்தினேன்.
கீழே பாளங்கள் ஒன்றையொன்று முட்டி,
வழிவிட்டு, மறுபடி முட்டிப் போயின.
ஒன்றின் மேல் அந்த ஸ்ப்ரூஸ் கிளை
நட்டபடியே நின்றது.

வால்ட்டோ காசை இரண்டு முறை எண்ணினார்.
ஜூலை, என்று யோசித்தார். ஆமாம், மழை.
பிறகு, ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டு,
"காபி போட்டாளா?"
"போட்டாள்."
"கசப்பாக?"
என் பையில் தொலைபேசி அடித்தது.
யாருக்கோ யாரோ தேவை.
அடிக்கட்டும் என்று விட்டேன்.